இடது பக்கம் இழுக்கும் வண்டி

ஏப்ரல் 3, வியாழன்

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் முன்பு கேட்டாள்: "டீச்சர், சோதனையில ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்னு சொல்றீங்க. சரி. எதை முதல்ல மாத்தறது?" எது சுலபமோ அதை முதலில் மாற்று என்றேன். பல்பு எரியவில்லையென்றால் சுவரை இடிக்க மாட்டோம், முதலில் பல்பைக் கழற்றிப் பார்ப்போம். வகுப்பு சிரித்தது.

இன்று சகாயராஜின் ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரின் கான்டெஸா கார் இடது பக்கம் இழுக்கிறது. பிப்ரவரியில் பெயின்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான். (அன்றைக்கு அவருக்குத் தலைசுற்றி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில். மோர் கொடுத்ததும் எழுந்துவிட்டார். மகள் வதனிக்குச் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லவில்லை.)

மில்லில் மெயின்டெனன்ஸ் இன்ஜினியராக இருந்த காலத்திலிருந்தே இந்த வண்டிமேல் அவருக்கு ஆசை. ஓய்வு பெற்ற பிறகு துருப்பிடித்த ஒன்றை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மீண்டும் கோத்தார். நம்ம ஊர் மசில் கார், பயில்வான் வண்டி என்று பையன்கள் சாலையில் கைகாட்டிப் போகிறார்கள். மே 11, ஞாயிறு, பழைய கார்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறுகிறார்கள். முதல் தடவையாக இவரையும் அழைத்திருக்கிறார்கள். நான் பக்கத்து சீட்டில், பெங்களூரிலிருந்து வரும் வதனி பின் சீட்டில்.

கொண்டை ஊசி வளைவுகள். இடது பக்கம் இழுக்கும் வண்டி. எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

முன்பக்க ரப்பர் புஷ்களும் நான்கு ஷாக்குகளும் புதிது. சகாயராஜ் ஒரு காலத்தில் ரேஸ் வண்டிகளுக்கு வேலை பார்த்தவர். அதை ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

"டீச்சர், ஷாக்னா என்ன தெரியுமா?"

"சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்" என்றேன். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவளிடம் ஒருவர் ஷாக் பற்றிப் பாடம் எடுப்பதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. அவர் சொன்னது சுமார்தான். நான் வகுப்பில் தூளியைச் சொல்வேன். ஸ்பிரிங் என்பது ஆட்டிவிட்ட தூளி. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டேயிருக்கும். ஷாக் என்பது அந்தத் தூளியைப் பிடித்து மெல்ல நிறுத்தும் கை. அந்தக் கை தளர்ந்துபோனால் குழந்தைக்கு வாந்தி வரும், வண்டிக்கு வளைவில் நிலை தப்பும்.

சிறுவாணி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மேடு பள்ளமெல்லாம் அழகாக விழுங்குகிறது. ஆனால் இழுப்பு அப்படியே இருக்கிறது. வெள்ளைக் கோட்டை விட்டு மண்ணுக்கு இறங்கி இறங்கி ஏறினோம். என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. "ஏனுங்க, ஓரமாப் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பதிலே இல்லை. எஞ்சின் சத்தத்தில் நான் பேசுவது அவர் காதில் விழுவதில்லை.

ஏப்ரல் 9, புதன்

வீட்டு கேட்டின் இடது தூணில் கறுப்புப் பெயின்ட். தேங்காய் நாரால் தேய்த்தேன். முழுதும் போகவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வதனி வந்திருந்தாள். இலை போட்டு மாங்காய் பச்சடி, பருப்பு வடை, வேப்பம்பூ ரசம் எல்லாம் செய்தேன்.

"பூங்கோதை, உப்பு வைக்கலையா?" என்றார் இவர்.

"வச்சிருக்கேனே."

"பச்சடியும் வைக்கலை. வருஷப் பிறப்பும் அதுவுமா கசப்பும் இனிப்பும் இல்லாம என்ன சாப்பாடு?"

உப்பு இலையின் இடது ஓரத்தில் இருந்தது, எல்லார் வீட்டு இலையிலும் இருக்கிற இடத்தில். பச்சடி அதன் பக்கத்தில். அவர் எழுந்தபோது இலையின் வலது பாதி துடைத்தது போலவும், இடது பாதி பரிமாறியபடியும் இருந்தது.

"என்னப்பா, பாதி இலையை எனக்கு வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று வதனி கேட்டாள்.

"உங்கம்மாதான் குறைச்சுச் சாப்பிடச் சொல்றா" என்றார். எல்லாரும் சிரித்தோம். உண்மைதான், சர்க்கரைக்காக நான்தான் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவழியாகக் கேட்டிருக்கிறார்.

பாயசம் மட்டும் வலது கையோரம் டம்ளரில் இருந்தது. அதை இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்.

ஏப்ரல் 18, வெள்ளி

வதனி போனில் கூப்பிட்டாள். அப்பா எங்கே என்றாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்த அவசரத்தில், "இன்னும் இடது பக்கம் இழுத்துட்டேதான் இருக்குது கண்ணு, சகாயராஜ்கிட்டக் காட்டப் போயிருக்காரு" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே அலறல். "இழுத்துக்கிச்சா? கையா காலா? ஏம்மா முன்னாடியே சொல்லலை? சகாயராஜ் எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?"

"அடியேய், வண்டிடி! வண்டி இழுக்குது!"

அழுகையும் சிரிப்புமாக என்னைத் திட்டித் தீர்த்தாள். அவர் வந்ததும் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சகாயராஜ் டாக்டராம்! ஊசி போடறதுக்குப் பதிலா கிரீஸ் போடுவான்." இரவுச் சாப்பாடு வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அப்புறம் அரிசியை மறுபடியும் முதலிலிருந்து களைந்தேன். எதற்கு என்று தெரியவில்லை, அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

ஸ்பிரிங்குகள் மாற்றியாகிவிட்டது. ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட், பால் ஜாயின்ட் எல்லாம் புதிது. அடியில் குறுக்காக ஒரு தடித்த கம்பியும் போட்டிருக்கிறார். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு மறுபக்கத்தையும் கூடவே இழுத்துப் பிடிக்கும். பஸ் திரும்பும்போது பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பிடித்துக்கொள்கிறோமே, அது போல. இனி இரண்டு சக்கரமும் ஒன்றை ஒன்று விடாது.

சகாயராஜ் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு புறவழிச் சாலைக்குப் போனார். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான இடம் பார்த்து ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, தலைக்குமேல் கும்பிட்டார்.

"பாத்துக்கங்க சார். இவ பாட்டுக்குப் போறா பாருங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி, தலை நிமிராம."

வண்டி கோடு கிழித்தது போல நேராகப் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

பிறகு இவர் உட்கார்ந்தார். கொஞ்ச தூரத்திலேயே என் பக்கத்துக் கண்ணாடி சீமைக்கருவேல முள்ளில் உரசி மடங்கிக்கொண்டது.

"தெரியுதா? இழுக்குதா இல்லையா?"

"சார், நான் ஓட்டும்போது இழுக்கலையே."

"நீ கையை எடுத்துட்டு ஓட்டினே. நான் பிடிச்சு ஓட்டறேன். பிடிச்சா இழுக்குது."

"பிடிச்சா இழுக்காது சார், விட்டாத்தான் இழுக்கும். உலகத்துல எந்த வண்டியும்—"

"நாப்பது வருஷம் மெஷின் பாத்தவன்யா நான்!"

வீட்டு வாசலில் இறங்கும்போது மடங்கிய கண்ணாடியை நான்தான் விரித்துவிட்டேன். அது மடங்கியிருந்தது அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

இடது கன்னத்தில் சவரம் செய்யாமல் விட்டிருக்கிறார். பிளேடு மழுங்கியிருக்கும். புதிது வாங்கி வைத்தேன்.

மே 3, சனி

சரியாகிவிட்டது! முன் சக்கரங்களின் சாய்வில் சகாயராஜ் ஏதோ தகடு வைத்திருக்கிறாராம். காலையில் உக்கடம் வரை போய் வந்தோம். ஒரு தரம்கூட மண்ணில் இறங்கவில்லை.

"இப்ப என்ன சொல்றே பூங்கோதை? இத்தனை நாள் நான் பொய் சொன்ன மாதிரி பாத்தீங்களே ரெண்டு பேரும்."

"யாருங்க பாத்தா? நல்லாருக்குதுங்க வண்டி."

"நல்லாருக்குதாவா! தேர் மாதிரி இருக்குது."

நான் வழியெல்லாம் பேசியதில் அதற்கு மட்டும் பதில் சொன்னார், வண்டி சிக்னலில் நின்று எஞ்சின் அடங்கியிருந்ததால் என்று நினைக்கிறேன். இல்லை, அப்போது அவர் பக்கத்து ஜன்னலில் பூக்காரம்மாவுக்குச் சில்லறை கொடுக்க நான் அவரைத் தாண்டிக் குனிந்திருந்தேன்.

இன்று நன்றாகத் தூங்குவேன்.

மே 6, செவ்வாய்

சகாயராஜ் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு வாழ்த்து. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், ஒரு விஷயம். ஒருவேளை வழியில நீங்க ஓட்ட வேண்டி வந்தா கொஞ்சம் பாத்து ஓட்டுங்க. வண்டி வலது பக்கம் இழுக்கும்."

"என்ன சொல்றீங்க? சரியாயிடுச்சே."

"வண்டி ஆரம்பத்துலயிருந்தே சரியாத்தான் இருந்துச்சு. சார் கேக்கலை. சரின்னு வேணும்னே வலது பக்கமாத் திருப்பி வச்சேன். அவருக்கு இப்ப நேராப் போகுது." அவர் சிரித்தார். "எல்லாரும் வண்டிக்கு அலைன்மென்ட் பண்ணுவாங்க. நான் ஆளுக்குப் பண்ணியிருக்கேன்."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நன்றி சொன்னேன். போனை வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது.

மே 7, புதன்

இன்று அவருக்கு எதிரில் உட்காராமல் இடது பக்கமாக உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பெயர் சொல்லி நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை. வெள்ளியங்கிரி என்றேன், இரண்டு தரம். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படிப்பதில் மும்முரம்.

எஞ்சின் எதுவும் ஓடவில்லை.

மே 8, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம் என்று சொல்லலாம் என்று மூன்று முறை அருகே போனேன். வண்டியில் ஒட்டவேண்டிய எண் வந்திருந்தது. கதவில் ஒட்டி, காற்றுக்குமிழி வராமல் துணியால் நீவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன். வதனி நாளை மறுநாள் மாலை வருகிறாள்.

மே 10, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் ஒத்திகை பார்க்கலாம் என்றார். வதனி வருவதற்கு முன் என்னை மட்டும் வைத்து ஒரு முறை போய்ப் பார்க்கட்டும் என்று நானும் சரி என்றேன். மேட்டுப்பாளையம் தாண்டி, பாக்குத் தோப்புகள் முடிந்து, ஏற்றம் தொடங்கியது. வண்டி அற்புதமாக ஏறியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். முன்பெல்லாம் திருப்பங்களில் சாய்ந்து முனகும். இன்று சக்கரங்கள் சாலையை விடவேயில்லை. அவர் ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

ஒரு வளைவுக்குப் பிறகு இடது ஓரத்தில் ஒரு பைக். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பையன் அதன்மேல் சாய்ந்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் தடுப்புச்சுவர், அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

தூரத்திலிருந்தே நன்றாகத் தெரிந்தான். மஞ்சள். வண்டி அவனை நோக்கிப் போய்க்கொண்டேயிருந்தது. "ஏனுங்க" என்றேன். "ஏனுங்க, பைக்கு." பிறகு கத்தினேன். அவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிடிவாதமோ கவனக்குறைவோ இல்லை. எதிரில் காலியான சாலையைப் பார்க்கிற ஒரு மனிதனின் நிம்மதிதான் அந்த முகத்தில் இருந்தது.

ஸ்டீரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன்.

அந்தத் திருப்பலுக்குப் பழைய வண்டியாக இருந்தால் உருண்டிருக்கும். இது ஒரு முறை குலுங்கி, நிலத்தைக் கவ்விப் பிடித்து நின்றது. எதிரில் பஸ் வரவில்லை. அதை மட்டும் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"கையை எடு! பைத்தியமா உனக்கு? எதுக்கு இழுத்தே?"

"பைக்கு... அந்தப் பையன்..."

"எந்தப் பைக்கு?"

பையன் ஓடி வந்து என் பக்கத்து ஜன்னலில் குத்தினான். "யோவ் பெருசு! கண்ணு பொடனியிலயா இருக்குது? சாவடிக்கத்தான் வண்டி வச்சிருக்கியா?"

இவர் வலது பக்கக் கண்ணாடியில் பார்த்தார். தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். "யாரு கத்தறது? யாரைத் திட்டறான்?"

எனக்கும் அவனுக்கும் நடுவில் ஜன்னல் கண்ணாடி மட்டும்தான் இருந்தது. மழைக்கோட்டில் டீ சிந்தியிருந்தது.

பிறகு அவன் பானெட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். பானெட்டின் நடுவை அவன் தாண்டியதும் இவர் திடுக்கிட்டார். "தம்பி! நீ எங்கிருந்து வந்தே?"

அவர் கேட்ட விதத்தில் பையனின் கோபம் அப்படியே நின்றுவிட்டது. அவன் இவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அம்மா, அவருக்கு உடம்பு சரியில்லீங்களா?" என்றான்.

ஆமாம் என்றேன். முதல் தடவையாக.

நான் இறங்கினேன். நானும் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

"நீ எப்ப இறங்கினே?" என்றார்.

"நகருங்க. நான் ஓட்டறேன்."

இந்த வண்டியை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு என் சின்ன வண்டியை நான் எத்தனையோ வருடம் ஓட்டியிருக்கிறேன். இதன் சாவியைத் தொட்டதுகூட இல்லை. "உனக்குத் தெரியாது, இது மறுபடி இடது பக்கம் இழுத்தாலும் இழுக்கும்" என்றார்.

"இழுத்தா நான் பாத்துக்கறேனுங்க."

பையன் சாலையின் நடுவில் நின்று, வந்த லாரியை நிறுத்தி, நான் வண்டியைத் திருப்பும் வரை கை காட்டினான். அவன் பெயரைக் கேட்கவில்லை.

இறக்கத்தில் வண்டி வலது பக்கம் இழுத்தது. சகாயராஜ் சொன்னது போலவே விடாமல் இழுத்தது. எதிரில் வரும் வண்டிகளை நோக்கிப் போகப் பார்க்கும் சக்கரங்களை இடது பக்கமாகப் பிடித்துப் பிடித்து இறக்கினேன். மணிக்கட்டு வலித்தது.

அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு வலது பக்கத்தில் நான் இருந்தேன். நான் மூச்சு விட்டால்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் இடது பக்கமாப் பிடிச்சு ஓட்டறே?"

"வலது பக்கம் இழுக்குதுங்க."

"வலது பக்கமா?"

"ஆமாங்க. உங்களுக்காக அப்படி வச்சிருக்காரு சகாயராஜ்."

மேட்டுப்பாளையம் ரயில்வே கேட்டில் நின்றோம். அவர் இன்ஜினியர். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிறார் என்று தெரிந்தது. ஷாக், புஷ், ஸ்பிரிங், கம்பி, தகடு.

"அப்ப வண்டி இழுக்கலை" என்றார்.

நான் சாலையைப் பார்த்தேன்.

"இழுத்தது..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. தன் இடது கையை வலது கையால் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பொருளை எடுத்து வைப்பது போல.

வீட்டுக்குத் திருப்பவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

மே 11, ஞாயிறு

மலைக்குப் போகவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலது பக்கம் ஒரு சிறிய அடைப்பு, வந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கலாம் என்கிறார்கள். வலது மூளைதான் இடது பக்கத்தைக் கவனிக்கிறதாம். கண் நன்றாக இருக்கிறது, காது நன்றாக இருக்கிறது. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டது. இல்லாத ஒன்றை இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று வரக்கூடும், அதற்குத்தான் மருந்து என்றார் டாக்டர்.

நேற்று மாலை வதனி "இழுத்துக்கிச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வராந்தாவில் ஓடி வந்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மே 14, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி வண்டி ஓட்டக் கூடாது. டாக்டர் சொன்னபோது அவர் வாதாடவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. மத்தியானம் சகாயராஜைக் கூப்பிட்டு, "அந்தத் தகட்டைக் கழட்டிடு. டீச்சர்தான் இனிமே ஓட்டப்போறா. அவளுக்கு நேராப் போகட்டும்" என்று சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

காலையில் டாக்டர் செய்த ஒரு சோதனையை எழுதி வைக்கிறேன். தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, நடுவில் ஒரு குறி வையுங்கள் என்றார். இவர் பேனாவை வாங்கி, கண்ணைச் சுருக்கி, மில்லில் அளவு பார்க்கும் அதே கவனத்தோடு வைத்தார். கோட்டின் வலது முனைக்குப் பக்கத்தில். பிறகு என்னைப் பார்த்து, "கரெக்டா நடுவுலதானே வச்சிருக்கேன்?" என்றார்.

நான் தலையை எப்படி அசைத்தேன் என்று நினைவில்லை.

இதை யாராவது படித்தால் பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டேன். செலவில்லை, அரை நிமிட வேலை. இன்று சாப்பிட்டு முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு போடுங்கள். வீட்டில் வயதானவர் யாரோ அவர் கையில் பேனாவைக் கொடுத்து, நடுவில் ஒரு குறி வைக்கச் சொல்லுங்கள்.